பழைய வண்டிக்கு ஜாதகம் பார்க்கிறது

போன மாசம் சென்னையிலிருந்து என் மச்சினன் மகன் போன் பண்ணினான். அவன் போன் போட்டால் நாட்டுக்கோழி முட்டை, மாம்பழம், இல்லைன்னா அவங்க தாத்தா நிலத்துப் பட்டா, இந்த மூணுல ஒண்ணுதான் விஷயமா இருக்கும். இந்தத் தடவை புதுசா ஒண்ணு கேட்டான்.

"மாமா, உங்க பக்கம் சாளையில சும்மா நிக்கிற பழைய ஆர்.எக்ஸ். 100 ஏதாச்சும் இருக்குங்களா? இங்கே லட்ச ரூபாய்க்கு மேல சொல்றாங்க. கிராமத்துல ஒரே ஓனர் வண்டியா, பொத்திப் பொத்தி வெச்சிருப்பாங்கல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவன் பேசிக்கிட்டிருந்த நேரத்துல எங்க சாளையில நின்ன வண்டியோட சீட்டு மேல கோழி அடை உட்கார்ந்திருந்துச்சு. அதையே அவன்கிட்ட சொல்லிட்டு, "பார்க்கலாம் மாப்ளே"ன்னு வெச்சுட்டேன்.

வெச்ச பிறகுதான் யோசனை ஓடுச்சு. எங்க ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். புதன்சந்தை மாட்டுச் சந்தைக்கு அப்பாகூடப் போய் வளர்ந்தவன் நான். அங்கே மாட்டுக்காரன் சொல்ற வயசை யாரும் நம்பறதில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பாங்க. ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டும் முளைச்சுட்டா கடை சேர்ந்தது. சுழி பார்ப்பாங்க, நடக்க விட்டுப் பார்ப்பாங்க, அப்புறம்தான் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசறது. மாடு தன்னோட ஜாதகத்தைத் தன் வாய்க்குள்ளேயே வெச்சிருக்கு. இருபது, முப்பது வருஷ மோட்டார் சைக்கிளுக்கு அந்த ஜாதகம் எங்கே இருக்கு? இதைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தால்தான் புரியும்.

எனக்கு விவரம் தெரிஞ்ச எழுபதுகள்ல எங்க ஊரைச் சுத்தி ஓடின மோட்டார் சைக்கிளை ஒரு கைவிரல்ல எண்ணிரலாம். ரைஸ்மில்காரர் கிட்ட ஒரு புல்லட். வைத்தியர் கிட்ட ஒரு ஜாவா. பால் வியாபாரி ஒருத்தர் கிட்ட ராஜ்தூத். மத்தவங்களுக்கெல்லாம் சைக்கிள், இல்லைன்னா நடை.

புல்லட் வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். இங்கிலாந்துல ரெடிட்ச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை திருவொற்றியூர்ல. 1970-ல இங்கிலாந்துல அந்தப் பேர் நின்னே போச்சு, திருவொற்றியூர்ல நிக்கலை. ஜாவா செக்கோஸ்லோவாகியா வண்டி, 1961-லிருந்து மைசூர்ல ஐடியல் ஜாவா செஞ்சது, பிறகு எஸ்டி ஆச்சு, 1996-ல கதவை மூடினாங்க. ராஜ்தூத் 175-க்கு மூலம் போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டி. மூணுமே அயல்நாட்டுல வயசானதை இங்கே கொண்டுவந்து பல வருஷம் மாத்தாமல் செஞ்ச வண்டிங்க. அதனால ஒண்ணு பார்த்துக்குங்க, 1965 மாடல் சாமானை 1985 மாடல்ல போட்டாலும் பெரும்பாலும் உட்கார்ந்துக்கும். மெக்கானிக்குக்கு அது வசதி. பின்னாடி வாங்கறவனுக்கு அதுதான் தலைவலி. எது எந்த வண்டியோடதுன்னே தெரியாமல் போயிரும்.

1980-ல ஓசூர்லேருந்து டி.வி.எஸ். 50 வந்துச்சு. ரெண்டு பேர் உட்கார்ற மொபெட். எங்க பக்கத்து விவசாயி முதல்முதலா மோட்டார் மேல ஏறினது அதுலதான். 1984-ல அதே ஓசூர்ல இண்ட்-சுசுகி 100 சிசி, 1985-ல ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே வருஷக் கடைசியில யமஹா ஆர்.எக்ஸ். 100, 1986-ல கவாசாகி பஜாஜ். ரெண்டே வருஷத்துல ஜப்பான் மொத்தமும் வந்து இறங்கின மாதிரி. சி.டி. 100 மட்டும் நாலு ஸ்ட்ரோக், மத்ததெல்லாம் ரெண்டு ஸ்ட்ரோக், பெட்ரோலோட ஆயிலும் எரியணும். ஆர்.எக்ஸ். 100 பாகங்கள் முதல்ல ஜப்பான்லேருந்து வந்து இங்கே கோர்த்தாங்க. 98 சிசி, 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோ சொச்சம். காலேஜ் பசங்களுக்குப் பைத்தியம் பிடிச்சதுல தப்பில்லை. புகைக் கட்டுப்பாடு இறுகவும் 1996-ல அந்த மாடலை நிறுத்திட்டாங்க. அப்படிப் பார்த்தால் கடைசி ஆர்.எக்ஸ். 100-க்கே இன்னைக்கு முப்பது வயசு கிட்ட ஆச்சு. மாடா இருந்தா பல்லே இருக்காது.

இப்போ காகிதத்துக்கு வர்றேன்.

பழைய ஆர்.சி. புக் பார்த்திருக்கீங்களா? நிஜமாவே புத்தகம்தான், சின்னதா, பாஸ்புக் மாதிரி. முதல் பக்கத்துல வண்டி விவரம். அடுத்து முதல் ஓனர் பேர், அப்பா பேர், ஊர். அதைக் கோடு போட்டு அடிச்சு ரெண்டாவது ஓனர், மூணாவது ஓனர், ஒவ்வொருத்தருக்கும் தேதி, ஆபீஸ் முத்திரை, பச்சை மசியில கையெழுத்து. பைனான்ஸ் இருந்தால் அது ஒரு சீல், கடன் தீர்ந்தால் ரத்துன்னு இன்னொரு சீல். அந்தப் புக்கை விரிச்சாப் போதும், வண்டி யார் யார் வீட்டுல சாப்பிட்டுச்சுன்னு தெரிஞ்சிரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு புக்குல முதல் ஓனர் ஒரு வாத்தியார், ரெண்டாவது ஒரு ஜவ்வரிசி மில், மூணாவது ஒரு ரிக் வண்டி மேனேஜர். படிக்கும்போதே வண்டி எப்படி இளைச்சிருக்கும்னு கண்ணுல தெரிஞ்சது.

அப்புறம் புக்கு போய் லேமினேட் போட்ட தாள் ஆச்சு, அதுவும் போய் இப்போ அட்டை. அட்டையில இப்ப இருக்கற ஓனர் பேர் மட்டும்தான். எத்தனாவது ஓனர்ங்கற எண் இருக்கும், முன்னாடி இருந்தவங்க பேர் இருக்காது. பைக்குள்ள வெச்சுக்கச் சௌகரியம்தான், ஆனா அந்தக் கதை போச்சு. அதனால பழைய வண்டி வாங்கப் போனால் "அட்டை இருக்கட்டுங்க, பழைய புக்கு வீட்டுல கிடக்குதா?"ன்னு கேளுங்க. முக்கால்வாசி வீட்டுல பீரோ அடியில கிடக்கும்.

நம்பர் பிளேட்டும் கொஞ்சம் பேசும். மூணு எழுத்தும் அதுக்குப் பின்னாடி எண்ணும் மட்டும் இருந்தால் அது 1989-க்கு முந்தின பதிவு. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டக் காலத்து வண்டி. 1988-ல புதுச் சட்டம் போட்டு 1989 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்துச்சு, டி.என்.னு ஆரம்பிக்கிற எண்ணும் அந்த வருஷத்துதான். டி.என். 28 நாமக்கல். டி.என். 27-ன்னு பார்த்தால் பழைய சேலம், பின்னாடி அது 30, 54-ன்னு பிரிஞ்சுருச்சு. 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரியிலதான், அதுக்கு முன்னாடியே 28-ஆம் நம்பர் லாரிங்க இமயமலை வரைக்கும் போய்ட்டு வந்தாச்சு.

லாரின்னதும் ஒண்ணு சொல்லணும். எங்க மாவட்டத்துல சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் எஃப்.சி.ன்னா என்னன்னு சொல்லும். லாரி புதுசா இருக்கையில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, எட்டு வயசு தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டியாகணும். அதுக்கு முன்னாடி பட்டறையில நிறுத்திப் பெயின்ட், பாடி, பிரேக், லைட்டு எல்லாம் பார்த்து, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சுக் கொண்டுபோவாங்க. மோட்டார் சைக்கிளுக்கு? புதுசா பதிவு பண்ணினதோட சரி. சட்டத்தோட 41-வது பிரிவுப்படி சொந்த உபயோக வண்டிப் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அந்த 15 வருஷத்துல எந்த அதிகாரியும் அந்த வண்டியைத் தொட்டுப் பார்க்கறதில்லை. புகைச் சான்று மட்டும் அப்பப்போ, அதுவும் எடுத்தவங்களுக்கு. 15 முடிஞ்சதும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி வண்டியை நிறுத்தி, பசுமை வரி கட்டி, இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா.

இங்கிலாந்துல இதை வேற மாதிரி செய்யறாங்க. 1960-ல அங்கே வருடாந்திரச் சோதனை வந்துச்சு. முதல்ல பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு மட்டும். ஓட்டை வண்டி அவ்வளவு பிடிபட்டதால அடுத்த வருஷமே ஏழாக் குறைச்சு, 1967-ல மூணு ஆக்கிட்டாங்க. மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை மைல் ஓடியிருக்கு, எதுல பாஸ், எதுல ஃபெயில்னு எழுதுவாங்க. 2005-க்குப் பிறகான கணக்கை இன்னைக்கு யார் வேணாலும் நம்பர் போட்டு இலவசமா இணையத்துல பார்க்கலாம். மீட்டரைத் திருப்பி வெச்சால் அங்கேயே தெரிஞ்சிரும். ஜப்பான்ல 250 சிசிக்கு மேல போனால்தான் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாயச் சோதனை. ஆக நம்ம ஆர்.எக்ஸ். பிறந்த வீட்டுலயும் அதுக்குச் சோதனை கிடையாது. இதையும் சொல்லிடணும், இல்லைன்னா வெள்ளைக்காரன் புகழ் பாடற மாதிரி ஆயிரும்.

ஆக நம்ம ஊர்ல பழைய வண்டியோட "சோதனை வரலாறு"ன்னு கேட்டால் ரெண்டு வரிதான். 15-ல புதுப்பிச்சாங்களா, 20-ல புதுப்பிச்சாங்களா. அந்த ரெண்டு தேதி இருந்தாலே பெரிய விஷயம். அன்னைக்கு வண்டி சொந்தக் கால்ல நின்னுச்சு, லைட்டு எரிஞ்சுச்சு, பிரேக் பிடிச்சுச்சு, சேசிஸ் நம்பர் ஒத்துப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல அந்த முத்திரைக்கு அர்த்தம் கிடையாது.

நானே இதைச் செஞ்சவன். 1994-ல ஒரு சி.டி. 100 செகண்ட் ஹேண்டா வாங்கினேன். 87 மாடல், மூணு எழுத்து நம்பர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனது, மூத்தவளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனது, மரவள்ளிக்குச்சிக் கட்டு சுமந்தது எல்லாம் அதுதான். 2002-ல 15 வருஷம் முடிஞ்சு புதுப்பிக்கக் கொண்டுபோனேன். முந்தின நாள் ராத்திரி மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். மைதானத்துல வரிசையா நிறுத்தி, இன்ஸ்பெக்டர் ஹாரன் அடிக்கச் சொன்னார், லைட்டு போடச் சொன்னார், கொஞ்சம் ஓட்டிப் பிரேக் பிடிக்கச் சொன்னார். சேசிஸ் நம்பர் மேல வெள்ளைத் தாளை வெச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்த அச்சை ஃபார்ம்ல ஒட்டிக் கொடுத்தேன். பத்து நிமிஷம். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு, அதை யாரும் கேட்கலை. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு எனக்கே தெரியாது.

2006-ல அந்த வண்டியை ஒரு ஆட்டோ கன்சல்டிங்குல கொடுத்தேன். 29, 30-ஆம் நம்பர் ஃபார்ம்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க. வாங்கறவர் பேர் எழுதற இடம் காலியா இருந்துச்சு. "நாங்க பார்த்துக்கறோங்க"ன்னாங்க. போட்டேன். பணத்தை எண்ணி வாங்கிட்டு வந்துட்டேன்.

2011-ல கோர்ட்டுலேருந்து ஒரு கவர் வந்துச்சு. என் வண்டி முந்தின வருஷம் ஒரு பெரியவர் மேல மோதி அவருக்குக் கால் எலும்பு முறிஞ்சுருச்சாம். ஓட்டினது யாரோ, அவருக்கு வித்தது யாரோ. பதிவு என் பேர்ல. 2007-லயே பதிவு காலாவதி, இன்சூரன்ஸும் இல்லை. நான் வித்துட்டேங்கன்னு சொன்னேன். "எழுத்துல இருக்குதா?"ன்னு வக்கீல் கேட்டார். என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ரெண்டு வருஷம் அலைஞ்சு, கடைசியில மக்கள் நீதிமன்றத்துல பேசி, 60 ஆயிரம் கட்டி முடிச்சேன். கறவையில இருந்த எருமை ஒண்ணு போச்சு. அடிபட்ட பெரியவரைக் கோர்ட்டு வாசல்ல பார்த்தேன். கோல் ஊன்றி வந்திருந்தார், என்னை மாதிரியே ஒரு விவசாயி. அவர் மேல எனக்குக் கோபம் வரலை. அவர் யார்கிட்டதான் போவார்?

எனக்கு நடந்தது அநியாயம்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். 2018 பிப்ரவரியில உச்சநீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்குல தீர்ப்புச் சொல்லுச்சு. ஒரு கார் கை மாறிக் கை மாறிப் போயிருக்கு, பதிவு மட்டும் முதல் ஆள் பேர்லயே இருந்திருக்கு. பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. விபத்துல அடிபட்டவங்க ஒவ்வொரு கையாத் தேடி அலைய முடியாதுங்கறதுதான் காரணம். படிச்சப்புறம் என் கோபம் வேற பக்கம் திரும்பிருச்சு, காலி ஃபார்ம்ல கையெழுத்துப் போட்ட என் கை மேல. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1946-லிருந்தே நம்ம நாட்டுல கட்டாயம். அப்பவே அது அடிபடறவனுக்காகத்தான் வந்தது. நாம அதைப் போலீஸ்காரருக்குக் காட்டற காகிதம்னு நினைச்சுட்டோம்.

சட்டம் சொல்றது சின்னதுதான். ஒரே மாநிலத்துக்குள்ள வித்தால், விக்கறவர் 14 நாளுக்குள்ள ஆபீஸுக்குத் தெரிவிக்கணும். வாங்கறவர் 30 நாளுக்குள்ள தன் பேருக்கு மாத்தணும்.

மச்சினன் மகன் விடலை. போன ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்துட்டான். மல்லசமுத்திரத்துக்கு அக்கட்ட ஒரு சாளையில 93 மாடல் ஆர்.எக்ஸ். 100 நிக்குதுன்னு எனக்கு ஒரு பால்காரர் சொல்லியிருந்தார். ரெண்டு பேரும் போனோம்.

போற வழியில அவனுக்கு ஒண்ணு சொன்னேன். கிராமத்து வண்டின்னா பத்திரமா இருக்கும்ங்கறது பட்டணத்துக் கற்பனை. டவுன் வண்டி டிராபிக்குல சூடேறும், கிளட்ச் தேயும், அவ்வளவுதான். எங்க வண்டி ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டு ஓடும். பின்னாடி தட்டுக்கட்டு, யூரியா மூட்டை, சில சமயம் ஆடு. அதுக்குன்னு கேரியர் வெல்டு வெப்பாங்க, அந்த வெல்டுல சேசிஸ் இளகும். நிறுத்தறது மாட்டுக் கொட்டாய்ல, மாட்டு மூத்திரம் பட்ட ஸ்போக்ஸும் ரிம்மும் உள்ளேருந்து அரிக்கும். யூரியா சிந்தின இடமும் அப்படித்தான். ரேஷன் மண்ணெண்ணெய் தாராளமாக் கிடைச்ச காலத்துல பெட்ரோல்ல கலந்து ஓட்டினவங்களும் உண்டு. அந்த எஞ்சின் எப்பவும் ஒரு மாதிரி இருமும்.

அதேபோல டவுன் வண்டியிலயும் கதை இருக்கு. 2015 டிசம்பர் மழையில சென்னையில எத்தனை வண்டி முங்குச்சு! அதுல சரி பண்ணி மேக்க வந்து வித்ததை நானே ஒரு கடையில பார்த்தேன். சீட்டுக்கு அடியில, ஒயர் கட்டுக்குள்ள காய்ஞ்ச வண்டல் இருந்துச்சு. 2017 மார்ச் கடைசி வண்டிகளும் தனி ரகம். ஏப்ரல் 1-லிருந்து பி.எஸ். 3 வண்டி விக்கக் கூடாதுன்னு உச்சநீதிமன்றம் மார்ச் 29-ல சொல்லிருச்சு. விக்காமல் நின்னது எட்டு லட்சம் வண்டிக்கு மேல, பெரும்பங்கு இருசக்கரம். ரெண்டு நாள்ல அடிச்சுப் பிடிச்சு யார் யார் பேர்லயோ பதிவு பண்ணினாங்க. அந்தத் தேதி போட்ட வண்டின்னா முதல் ஓனர்னு எழுதியிருக்கறவர் அதை ஒரு நாள்கூட ஓட்டாமல் இருந்திருக்கலாம். அது குறையில்லை, தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.

சாளைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜவ்வரிசிச் சாக்கு போட்டு மூடியிருந்துச்சு வண்டி. வீட்டுல அம்மாவும் சின்ன மகனும். வாங்க, தண்ணி குடிங்கன்னு உட்கார வெச்சாங்க.

நான் முதல்ல எஞ்சின் மேல கை வெச்சேன். சில்லுன்னு இருந்துச்சு, நல்லது. நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்தி வெச்சிருந்தால் குளிர்ல கிளம்பாத வண்டின்னு அர்த்தம். கையாலேயே கிக்கரை அமுக்கிப் பார்த்தேன், எதிர்த்துத் தள்ளுச்சு, கம்ப்ரஷன் பரவாயில்லை. மூணாவது உதையில கிளம்பி வெள்ளைப் புகை. ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு அது இயற்கை. சூடான பிறகும் கெட்டியாப் புகைஞ்சால்தான் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும். இது அடங்கிருச்சு. ஹேண்டில்பாருக்குக் கீழே சேசிஸ் கழுத்துல டார்ச் அடிச்சுப் பார்த்தேன், விரிசலில்லை, ஆனால் பின்னாடி கேரியர் வெல்டு ரெண்டு இடத்துல. செயின் பல் சக்கரம் கொக்கி மாதிரி வளைஞ்சிருந்துச்சு, அது சில்லறைச் செலவு. மாப்பிள்ளை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது, மனசு பறிகொடுத்தாச்சு.

ஆர்.சி. புக் கேட்டேன். அம்மா உள்ளேபோய் மஞ்சப் பையிலேருந்து எடுத்து வந்தாங்க. 1993 பதிவு. ரெண்டாவது ஓனர் அந்த அம்மாவோட வீட்டுக்காரர். 2008-ல புதுப்பிச்ச முத்திரை, 2013 வரைக்கும். அதுக்கப்புறம் வெத்துப் பக்கம். அவர் தவறினது 2014-ல.

போன்ல எம்பரிவாகன் செயலியில நம்பர் போட்டோம். ஒண்ணும் வரலை. கம்ப்யூட்டருக்கு மாறின காலத்துல ஏறாமல் விட்டுப்போன பழைய பதிவுங்க நிறைய உண்டு. ஆபீஸ்ல புக்கைக் காட்டி ஏத்தச் சொல்லணும். செயலியில வர்ற வண்டியா இருந்தால் பதிவு எது வரைக்கும், இன்சூரன்ஸ் இருக்குதா, கடன் நிக்குதான்னு உட்கார்ந்த இடத்துலயே தெரிஞ்சிரும். அபராதம் பாக்கியையும் இ-சலான் பக்கத்துல பார்த்துக்கலாம். திருட்டு வண்டிப் பட்டியல்ல இருக்குதான்னு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துல நம்பர் கொடுத்துக் கேட்கவும் வழி இருக்கு.

அடுத்து நான் பாக்கெட்லேருந்து வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்தேன். மாப்பிள்ளை சிரிச்சான். சேசிஸ் நம்பர்ல தாளை வெச்சுத் தேய்ச்சேன், புக்கோட ஒத்துப்போச்சு. எஞ்சின் நம்பர்ல வெச்சுத் தேய்ச்சேன். ஒத்துப்போகலை. முன்னாடி எழுத்திலேருந்தே வேற.

சின்னப் பையனுக்குத் தெரியலை. அம்மாதான் யோசிச்சுச் சொன்னாங்க. "அவுங்க இருக்கையில ஒருக்கா எஞ்சின் பிடிச்சுக்கிச்சுங்க. திருச்செங்கோட்டுல கொடுத்து வேற போட்டாங்க. பதினஞ்சாயிரமோ என்னமோ ஆச்சு." யாரும் ஏமாத்தணும்னு செய்யலை. பால் ஊத்தப் போகணும், வண்டி ஓடணும், கிடைச்ச எஞ்சினை மாட்டியாச்சு. ஆனால் எஞ்சின் மாத்தினால் ஆபீஸ்ல சொல்லிப் புக்குல ஏத்தணும். அந்தப் பழைய எஞ்சின் எந்த வண்டியிலேருந்து கழட்டினது, அந்த வண்டி யாருதுன்னு இன்னைக்குச் சொல்ல ஆளில்லை.

மாப்பிள்ளை என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாமா, இதெல்லாம் சரி பண்ணிக்கலாங்க. அந்தக் காசைக் குறைச்சுக் கொடுத்து எடுத்துரலாம்"னான். எடுத்து? யார் கையெழுத்துப் போடுவாங்க? புக்குல பேர் இருக்கறவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆச்சு. ஓனர் இறந்தால் 30 நாளுக்குள்ள ஆபீஸுக்குத் தகவல் சொல்லி, மூணு மாசத்துக்குள்ள 31-ஆம் நம்பர் ஃபார்ம்ல வாரிசு பேருக்கு மாத்தணும். அதுக்கு வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ். அப்புறம் காலாவதியான பதிவைப் புதுப்பிக்கணும். அந்தக் கட்டணமே 2022 ஏப்ரல்ல 300-லிருந்து 1,000 ஆச்சு, தாமதத்துக்குத் தனி. எஞ்சின் விவகாரம் வேற. பழைய கையெழுத்தைப் போட்டுக் கொடுக்க புரோக்கர் இருக்காங்கன்னு அவன் சொன்னான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். என் எருமைக் கதை அவனுக்குத் தெரியும். பேசாமல் இருந்துட்டான்.

அதைவிட என்னை உறுத்தினது வேற ஒண்ணு. "வண்டி ஓடறதில்லைங்களா?"ன்னு கேட்டேன். "காலையில சொசைட்டிக்கு மட்டும் இவன் எடுப்பானுங்க"ன்னாங்க அந்த அம்மா. பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, இறந்தவர் பேர்ல வண்டி. வழியில ஒரு குழந்தை குறுக்கே வந்தால் அந்த வீடு என்ன ஆகும்? அவங்ககிட்ட இருக்கறது ஒண்ணரை ஏக்கரும் ரெண்டு மாடும். நான் கோர்ட்டுக்கு அலைஞ்ச கதையை முழுசா உட்கார்ந்து சொன்னேன். பையன் தலையைக் குனிஞ்சு கேட்டான். அம்மா புக்கை வாங்கி, வீட்டுக்காரர் பேர் இருந்த பக்கத்தை ஒருக்காப் பார்த்துட்டு மஞ்சப் பையில வெச்சாங்க.

வர்ற வழியெல்லாம் மாப்பிள்ளை உம்முன்னு வந்தான். ராத்திரி சாப்பிட்டப்புறம் அவனா வந்து, "மாமா, அவங்க வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டான். தாலுகா ஆபீஸ்ல அலையற அலைச்சலைப் பொறுத்ததுன்னு சொன்னேன். திங்கட்கிழமை பஸ் ஏறறதுக்கு முன்னாடி அந்தப் பையனுக்குப் போன் போட்டு, விண்ணப்பத்துக்கு என்னென்ன வேணும்னு அவனே பட்டியல் சொல்லிக்கிட்டிருந்தான். நேத்து பால்காரரைப் பார்த்தேன். அந்த வீட்டுப் பையன் சொசைட்டிக்கு இப்போ சைக்கிள்ல வர்றானாம். ஆர்.எக்ஸ். சாக்குக்கு அடியிலதான் நிக்குதாம்.